வருஷம் திரும்பாத வீட்டில் திருவருகைக் கால மகிழ்ச்சி

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். ஆவணியில் அப்பா இறந்துவிட்டார். அண்ணா கனடாவில். வீட்டில் நீங்களும் அம்மாவும் மட்டும். வேலை செய்யும் வங்கியில் ஒளிவிழா என்ற நத்தார் நிகழ்ச்சிக்குப் பாடச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பங்கில் கரோல் குழுவுக்குப் பெயர் கேட்கிறார்கள், மூன்றாம் ஞாயிறு பூசையில் "மகிழுங்கள்" என்று வாசிக்கப்போகிறார்கள், சொந்தக்காரரோ "வருஷம் திரும்பேல்லை, இந்த முறை உங்களுக்கு நத்தார் இல்லை" என்று முடித்துவிட்டார்கள். இதற்குள் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு, முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தில் மகிழ்ச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்கள். எனக்கென்றால் உங்கள் கேள்வி அதற்கும் கீழே இருப்பதாகப் படுகிறது. மகிழ்ச்சி வராவிட்டால் என் விசுவாசத்தில் ஏதோ குறை, வந்துவிட்டால் அப்பாவுக்குத் துரோகம், இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கிறது, நான் எங்கே போவது என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் குருவும் இல்லை, மனநல வைத்தியரும் இல்லை. மறைக்கல்வி ஆசிரியர்களுக்குத் திருவழிபாடு படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஏழைகளுக்கு உதவும் வின்சன் டி போல் சபையோடு மார்கழி மழையில் வீடு வீடாகப் போய்வந்த அனுபவமும் உண்டு. அதனால் திருச்சபை இந்தக் காலத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை உறுதியாகச் சொல்லுவேன். உங்கள் மனதுக்குள் என்ன நடக்கும் என்பதைப் பற்றிச் சொல்லுவதெல்லாம் கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான், அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். திருவருகைக் காலம் நத்தாரின் முதல் பாதி கிடையாது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறில் தொடங்கி, நத்தார் முதல் மாலைப் புகழுக்கு, அதாவது டிசம்பர் 24 மாலைச் செபத்துக்கு, முன் முடிகிற தனிக் காலம் அது. எங்கள் ஊரில் டிசம்பர் முதல் கிழமையே பாடசாலையிலும் அலுவலகத்திலும் ஒளிவிழா தொடங்கிவிடும், நத்தார் பாப்பா வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவார், 25ஆம் திகதி வரும்போது சனம் களைத்துப்போயிருக்கும். அதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது திருவழிபாட்டில் இருக்கும் திருவருகைக் காலம் இல்லை. கோயிலுக்குள் கவனித்துப் பாருங்கள்: ஊதாத் திருவுடை, ஞாயிறு பூசையில் 'உன்னதங்களிலே' பாடுவதில்லை, ஏனென்றால் அது பெத்லகேமில் வானதூதர் பாடிய பாட்டு, அந்த இரவுக்காக அதை வைத்திருக்கிறோம். பீடத்தில் பூ வைக்கலாம், ஆனால் அளவோடு வைக்கவேண்டும், பிறப்பின் முழு மகிழ்ச்சியை முந்திக்கொண்டு காட்டக்கூடாது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையே சொல்கிறது. அதாவது முழு மகிழ்ச்சி இன்னும் வரவில்லை என்பதைத் திருச்சபையே நான்கு ஞாயிறும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீங்கள் மட்டும்தான் பின்தங்கி நிற்கிறீர்கள் என்று நினைக்க வேண்டாம்.

அதற்காக இது தவக்காலமும் அல்ல. தவக்காலத்தில் அல்லேலூயாவை நிறுத்திவிடுவோம், திருவருகைக் காலத்தில் நிறுத்துவதில்லை. ஆதியில் இதற்கு நோன்பின் சாயல் இருந்தது உண்மை, ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவுஸ் நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளிலிருந்து நத்தார் வரை கிழமைக்கு மூன்று நாள் நோன்பு வைத்திருக்கிறார். ஆனால் 1969இல் வந்த திருவழிபாட்டு ஆண்டு ஒழுங்குகள் இதைப் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்றே வரையறுக்கின்றன. இன்னும் ஒன்று, உங்களுக்கு இதுதான் முக்கியம். காலம் இரண்டு பகுதியாகப் பிரிகிறது. டிசம்பர் 17இலிருந்துதான் வாசகங்கள் பெத்லகேமை நோக்கித் திரும்பும். அதற்கு முன் 16 வரைக்கும் அழுத்தம் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையில், கல்லறைகள் திறக்கப்படுவதில், எல்லாக் கண்ணீரும் துடைக்கப்படுவதில். முதல் ஞாயிறு நற்செய்தியில் குழந்தையே இல்லை, "விழிப்பாயிருங்கள்" என்ற சொல்தான் இருக்கும். அப்பாவைச் சேமக்காலையில், கல்லறைத் தோட்டத்தில், விட்டுவிட்டு வந்த ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான காலம் திருச்சபையின் ஆண்டில் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. அவரைத் திரும்பக் காண்போம் என்று காத்திருக்கிறோம் அல்லவா? அதைத்தான் எல்லாரும் சேர்ந்து செய்கிறோம், பலருக்கு அது நினைவில் இருப்பதில்லை, உங்களுக்கு இந்த முறை நினைவில் இருக்கிறது.

ஆகவே சொந்தக்காரர் சொல்வதில் பாதி சரி. வருஷம் திரும்பும்வரை வீட்டில் பலகாரம் சுடாமல் இருப்பது, புது உடுப்பு எடுக்காமல் இருப்பது, இது எங்கள் ஊரின் மரியாதை, சைவ வீட்டிலும் கிறிஸ்தவ வீட்டிலும் ஒரே மாதிரி, அதை உடைக்கச் சொல்லி நான் சொல்லமாட்டேன். அது கொண்டாட்டத்துக்குப் போட்ட தடை. செபத்துக்கும் காத்திருப்புக்கும் அந்தத் தடை இல்லை. துக்க வீட்டில் குடில் கட்டக்கூடாது என்று திருச்சபையில் சட்டம் எதுவும் கிடையாது, இதை யாராவது சட்டம் என்று சொன்னால் இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி அந்த "மகிழுங்கள்". மூன்றாம் ஞாயிறுக்குக் கௌதேத்தே ஞாயிறு என்று பெயர், அன்றைய பூசையின் தொடக்கத்தில் வரும் வருகைப் பல்லவியின் முதல் சொல், 'மகிழுங்கள்' என்பதன் லத்தீன். வரி பவுல் பிலிப்பியருக்கு எழுதியது, நான்காம் அதிகாரம். பவுல் அதை எங்கே இருந்து எழுதினார் என்று முதலாம் அதிகாரத்தில் அவரே சொல்லிவிடுகிறார்: விலங்கிடப்பட்டு, காவலில். விடுதலை கிடைக்குமா, தலை போகுமா என்று தெரியாத ஆள். ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுற்றின் முதலாம் ஆண்டில் அதே ஞாயிறுக்கு வரும் நற்செய்தி மத்தேயு 11, அதில் திருமுழுக்கு யோவானும் சிறையில்தான். மெசியா இவர்தான் என்று விரல் நீட்டிக் காட்டியவர், இப்போது சீடரை அனுப்பிக் கேட்கிறார், "வரவிருப்பவர் நீர்தாமா, அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?" என்று. மகிழ்ச்சி ஞாயிறில் திருச்சபை எங்கள் முன் நிறுத்துகிறது இந்தச் சந்தேகத்தை. இயேசு அவரைக் கண்டிக்கவில்லை. பெண்களிடம் பிறந்தவர்களுள் அவரைவிடப் பெரியவர் தோன்றியதில்லை என்று அதே இடத்தில் புகழ்கிறார். இதைப் படிப்பித்த ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் யாராவது ஒருவருக்குக் கண் கலங்கும், அது எனக்கு ஆச்சரியமாக இருந்ததில்லை. எசாயா 40ஆம் அதிகாரத்தின் "ஆறுதல் கூறுங்கள்" என்ற குரலும் ஊரும் ஆலயமும் கி.மு. 587இல் எரிந்துபோய்ப் பாபிலோனில் இருந்த இடம்பெயர்ந்த சனத்துக்குச் சொன்னதுதான்.

இடப்பெயர்வு என்று எழுதும்போது 1995ஐ நினைக்காமல் இருக்க முடியாது. நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். ஒக்டோபர் 30 இரவு, போரில் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் வீடுகளை விட்டு மழைக்குள் நடந்தது. அந்த ஆண்டு திருவருகைக் கால முதல் ஞாயிறு டிசம்பர் 3, அதே நாட்களில்தான் யாழ் நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல குடும்பங்களோடு இருந்தோம். கூடியிருந்து "வாரும்" என்று பாடினோம். யாருக்காவது மனதில் சந்தோஷம் இருந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பாட்டு பொய் இல்லை, அதை நாங்கள் நடிக்கவில்லை, அதற்கு முன்னும் பின்னும் பாடியதைவிட உண்மையாகப் பாடினோம் என்றே இன்றும் நினைக்கிறேன். இந்த மண்ணில் இது புதிதும் அல்ல. கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டிருந்த ஒல்லாந்தர் காலத்தில், குருமாரே இல்லாமல் கிடந்த யாழ்ப்பாணத்துக்கு 1687இல் கோவாவைச் சேர்ந்த குரு புனித யோசேவாஸ் பிச்சைக்காரர் கோலத்தில் வந்து சேர்ந்தார், சில்லாலையில் சனம் அவரை மறைத்து வைத்திருந்தது. அவர் இங்கே இருந்த காலத்தில் ஒரு நத்தார் இரவு, பூசைக்குக் கூடிய கத்தோலிக்கரை அதிகாரிகள் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பகிரங்கமாக நத்தார் கொண்டாட முடியாத அந்தச் சனத்திடமிருந்துதான் எங்களுக்கு இந்த நத்தார் வந்தது.

இவ்வளவையும் சொன்னது, மகிழ்ச்சி என்ற உணர்ச்சியை உங்களிடம் யாரும் வரியாகக் கேட்கவில்லை என்று காட்டத்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில், ஆறாவது பத்தியில், பெரும் துன்பத்தில் இருப்பவர்களின் துயரம் தனக்கு விளங்குகிறது என்றும், அவர்களிலும் விசுவாசத்தின் மகிழ்ச்சி மெல்ல மெல்ல, அமைதியான ஆனால் உறுதியான ஒரு நம்பிக்கையாகத் திரும்ப எழும்ப விடவேண்டும் என்றும் சொல்கிறார். மெல்ல மெல்ல என்பதைக் கவனியுங்கள். "மகிழுங்கள்" என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிவது என்றால் என்ன என்று கேட்டால், என் விளக்கம் இது: அப்பா கடவுளின் கையில் இருக்கிறார், கதை இன்னும் முடியவில்லை என்பதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. உணர்ச்சி பின்னால் வரட்டும். வராமலும் இருக்கட்டும், இந்த ஆண்டு.

இதோடு ஒரு எச்சரிக்கையும். இந்த வட மாகாணத்தில் காத்திருப்பு என்று சொல்லும்போது நாவை அடக்கித்தான் பேசவேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017இலிருந்து வீதியோரத்தில் குந்தியிருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "காத்திருப்பதில் மகிழ்ச்சி இருக்கிறது" என்று நான் சொல்லமாட்டேன், சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர்கள் பக்கத்தில் இருப்பதைத்தான் செய்ய முடியும். உங்களிடமும் யாராவது அப்படி வந்து லேசாகச் சொன்னால், அதைத் திருச்சபையின் குரல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

துரோகம் என்ற பயத்தைப் பற்றி. இது அனுபவத்தில் சொல்வது. துக்க வீடுகளில் சிரிப்பு திடீரென்றுதான் வரும். அப்பா மழைக்குள் குடில் கட்டும்போது சொன்ன ஒரு பகிடி நினைவுக்கு வரும், நீங்களும் அம்மாவும் சிரிப்பீர்கள், அடுத்த நிமிடம் இரண்டு பேருக்கும் குற்ற உணர்வு வரும். அந்தச் சிரிப்பை விழுங்கவேண்டாம், பிள்ளை. எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன், இறந்தவரின் பெயரைச் சொல்லி முதல்முறை சிரிக்கும்போதுதான் அந்த வீட்டுக்குள் அவரைப் பற்றித் திரும்பக் கதைக்க முடிகிறது. எல்லா வீட்டிலும் அப்படியா? இல்லை. சில வீடுகளில் அது வருஷம் கழித்து வந்தது, சிலருக்கு வரவேயில்லை, ஏன் என்று எனக்குக் காரணம் சொல்லத் தெரியாது.

சரி, என்ன செய்யலாம். எல்லாவற்றுக்கும் முன் அம்மாவைக் கேளுங்கள், உங்கள் கேள்வியில் அவர் என்ன நினைக்கிறார் என்ற ஒரு வரிகூட இல்லை. குடில் வேண்டுமா, ஒரு சின்னச் சுரூபம் மட்டும் போதுமா, ஒன்றுமே வேண்டாமா என்று அவரே சொல்லட்டும். கணவனை இழந்த பெண்ணுக்காக ஊரே முடிவெடுக்கும், அவரை யாரும் கேட்கமாட்டார்கள். அவர் வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை, விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் ஊருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுங்கள்.

கரோல்காரர் துக்க வீட்டைத் தாண்டிப் போவது வழக்கம், மரியாதைக்காகத்தான். ஆனால் இருட்டுக்குள் உள்ளே இருந்து, பக்கத்து வீட்டில் டிரம் அடித்துப் பாடுவதையும் பிறகு உங்கள் படலை முன்னால் மட்டும் சத்தம் அடங்குவதையும் கேட்பது கொடுமை. இதைப் பலர் எனக்குச் சொல்லி அழுதிருக்கிறார்கள். முன்கூட்டியே குழுவில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள், வாருங்கள், டிரம் வேண்டாம், ஒரு அமைதியான பாட்டு, அப்பாவுக்காக ஒரு செபம், ஒரு பிளேன் ரீ குடித்துவிட்டுப் போங்கள் என்று. மறுக்கமாட்டார்கள். குழுவில் சேர்ந்து வீடு வீடாகப் போவதை இந்த ஆண்டு விடலாம், அதில் பாவமும் இல்லை குறையும் இல்லை. வங்கி ஒளிவிழாவும் அப்படித்தான். மேடையில் நின்று பாட முடியாது, ஆனால் வந்திருப்பேன் என்று சொன்னால் போதும், காரணம் எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம், யாரையாவது போய்ப் பாருங்கள். லூக்கா முதலாம் அதிகாரத்தில் மகிழ்ச்சி முதலில் வெடிப்பது எங்கே என்று பாருங்கள். கபிரியேல் வந்துபோன வீட்டில் மரியா கலங்கித்தான் இருந்தார். யூதேய மலைநாட்டுக்கு விரைந்து நடந்து, தன்னைப் போலவே எதிர்பாராத ஒன்றைச் சுமந்துகொண்டிருந்த எலிசபெத்தின் வாசலை மிதித்த பிறகுதான் எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியது, மரியாவுக்குப் பாட்டு வந்தது. இதை நான் ஒரு விதியாகச் சொல்லவில்லை, ஆனால் வின்சன் டி போல் சபையில் நாங்கள் போன வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டேன். இந்த ஆண்டு உங்கள் பங்கில் ஆளை இழந்த இன்னொரு வீடு கட்டாயம் இருக்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பின்னேரம் போய், ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வாருங்கள். பெரிதாகக் கதைக்க வேண்டியதில்லை. எங்கள் வழக்கப்படி அயலவர் உங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருவார்கள், அதை வாங்கும்போது வெட்கப்படாதீர்கள், கொடுப்பதைப் போல வாங்குவதும் இந்தக் காலத்தின் ஒரு பயிற்சிதான்.

டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு நாள், மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன் ஒவ்வொரு நாளும் ஒரு பல்லவி உண்டு: ஞானமே வாரும், தாவீதின் திறவுகோலே வாரும், கிழக்கின் சுடரே வாரும் என்று கிறிஸ்துவை ஒவ்வொரு பெயரால் அழைப்பது. மிகப் பழைய செபங்கள் இவை. இருட்டிலும் சாவின் நிழலிலும் இருப்போருக்கு ஒளி தர வாரும் என்று கேட்பது 21ஆம் நாள் பல்லவி. புத்தகம் இல்லாவிட்டால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், ஒரு தாளில் எழுதித் தருவார். அம்மாவோடு இருந்து ஐந்து நிமிடம், வேறு ஒன்றும் வேண்டாம். சில ஆண்டுகளில் நத்தாருக்கு முன்னமே திருவெம்பாவை தொடங்கிவிடும், விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் கேட்கும். நித்திரை வராமல் அந்த நேரத்தில் முழித்திருப்பவர் நீங்கள் என்றால், ஊரில் பாதிச் சனம் தங்கள் கடவுளைத் தேடி எழும்பிவிட்டது என்று அறிவதே ஒரு துணை. எனக்கு அது பெரிய துணையாக இருந்திருக்கிறது.

நத்தார் இரவுப் பூசைக்கு முடிந்தால் போங்கள், கூட்டம் தாங்காது என்றால் காலைப் பூசை போதும். பூசை முடிந்து இங்கே இரவு ஒன்றரை என்றால் ரொறன்ரோவில் பின்னேரம் மூன்று மணி, அண்ணாவுக்கு அப்போது எடுங்கள். அவருக்கும் அப்பா இல்லாத முதல் நத்தார்தான், அதுவும் அயலவர் யாரும் பலகாரம் கொண்டுவராத இடத்தில். 25ஆம் திகதி பின்னேரம் சேமக்காலைக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்துவதையும் பலர் செய்கிறார்கள், மழை விட்டிருந்தால்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். நான் மேலே எழுதியதெல்லாம் துக்கத்துக்கு. நித்திரை, சாப்பாடு கிழமைக்கணக்கில் இல்லாமல் போனால், வேலைக்கு எழும்ப முடியாமல் போனால், அப்பா போன இடத்துக்கே போய்விடலாம் என்று எண்ணம் வந்தால், அது விசுவாசக் குறைவு இல்லை, அதற்கு வைத்தியம் வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் கதைக்கலாம். அம்மாவையும் இந்தக் கண்ணோடு கவனியுங்கள், எங்கள் அம்மாமார் உடம்பு நோகிறது என்றுதான் சொல்வார்கள்.

கடைசியாக, ஞாயிறுக்கு ஒரு திரியாகக் கொளுத்தும் திருவருகை வளையத்துக்கு ஊதா மெழுகுதிரி மூன்றும் ரோஸ் நிறத்தில் ஒன்றும் கடையில் கிடைக்கவில்லை, வெள்ளையில் கொளுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொளுத்தலாம். அந்த வளையம் திருவழிபாட்டுச் சட்டத்தில் உள்ளதல்ல. 1839இல் ஹம்பேர்க் நகரில் யோகான் விகெர்ன் என்ற லூத்தரன் போதகர், தன் இல்லத்தில் இருந்த ஏழைப் பிள்ளைகள் நத்தார் எப்போது என்று நச்சரித்ததால் ஒரு பழைய வண்டில் சக்கரத்தில் மெழுகுதிரிகளை ஏற்றித் தொடங்கியது, அவர் ஞாயிறுகளுக்கு வைத்த பெரிய நான்கும் வெள்ளைதான். நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பதும் பிறகு வந்த வழக்கம், சபைக்குச் சபை அது மாறும். மூன்றாவது திரியைக் கொளுத்த இந்த ஆண்டு கை வரவில்லை என்றால் அம்மாவைக் கொளுத்தச் சொல்லுங்கள், அவருக்கும் முடியவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.